கேமராவுக்குத் தெரியாத எரிச்சல்

எங்கள் ஆய்வகத்தில் மெழுகக்காவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சம்பளப் பட்டியலில் ஒரு பெயர் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இது யாரு, இங்க அப்படி ஒருத்தரும் இல்லையே" என்பார்கள். நோயாளிகளின் உடம்பிலிருந்து எடுத்து அனுப்புகிற சின்னச் சின்னச் சதைத் துணுக்குகளை மெழுகில் பதித்து, கட்டியாக்கி, வெங்காயத் தோலைவிடப் பல மடங்கு மெல்லியதாகச் சீவிக் கண்ணாடிச் சில்லில் ஏற்றுவது அக்காவின் வேலை. அதற்குச் சாயம் ஏற்றி டாக்டர் பார்க்கிற மாதிரி செய்வது என் வேலை. பத்தொன்பது வருஷம் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்திருக்கிறோம். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். அக்காவுக்குக் கோபமே வராது என்று எல்லாரும் சொல்வார்கள். அதெல்லாம் சும்மா. அக்காவுக்கும் வரும், வீட்டில் வரும், கட்டின புருஷன் மேல் மட்டும் வரும்.

அக்கா இங்கே பாட்டில் கழுவுகிற வேலைக்குத்தான் வந்தார். கை நடுங்காத பெண் என்று பழைய டாக்டர் ஒருவர் கண்டுபிடித்து மெழுகுப் பக்கம் உட்கார வைத்தார். அன்றிலிருந்து வலது கையால் பாரமான எதையும் தூக்குவதில்லை. வாளி, காய்கறிப் பை, பஸ்ஸில் பிடிக்கிற கம்பி, எல்லாமே இடது கைதான். "வலது கைக்குச் சம்பளம் வருதுடி, இடது கை சும்மா கூட வருது" என்பார். அவர் சீவின சில்லை டாக்டர்கள் திருப்பி அனுப்பி நான் பார்த்ததே இல்லை.

அக்காவின் புருஷன் எனக்கு மாமா முறைதானே, அப்படித்தான் கூப்பிடுவேன். பஸ் டிரைவர். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் ஓட்டின மனுஷன். அவருக்கு நெஞ்சு எரிய ஆரம்பித்தது. சாதாரண எரிச்சல் இல்லை. குனிந்து டயரைப் பார்த்தால் எரியும், வளைவில் ஸ்டியரிங் மேல் சாய்ந்தால் எரியும், சாப்பிட்ட அரை மணியில் தொண்டைவரை தீ ஏறும். மூன்று தடவை பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டு இறங்கி, மைல் கல்லைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். மூன்றாவது தடவை ஒரு பயணி அதைப் படம் பிடித்து, 'டிரைவர் ஏப்பம் விட இறங்கிவிட்டார்' என்று எழுதிக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டான். அதிலிருந்து பணிமனையில் அவருக்குப் பெயரே ஏப்பம்தான். "ஏப்பம் வந்தாச்சா, ஏப்பம் கிளம்பியாச்சா" என்று கூப்பிடுவார்களாம். அவனவன் வாய்க்குப் பூட்டா போட முடியும்?

அமிலத்தைக் குறைக்கிற மாத்திரை சாப்பிட்டார். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. வாய் வழியாகக் குழாய் விட்டு, கேமரா வைத்து உணவுக்குழாயைப் பார்த்தார்கள். ரிப்போர்ட்டில் ஒரே வரி: 'குறை எதுவும் காணப்படவில்லை.' புண் இல்லை, சிவப்பு இல்லை. அந்த ஒரு வரியைக் கம்பெனி கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. வேலைக்கு டிமிக்கி கொடுக்க நடிக்கிறார் என்று விசாரணைக்கு எழுதிவிட்டார்கள். மூன்று டாக்டர்கள் உட்கார்ந்த குழு ஒன்று வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு முடிவு சொல்லும். நடிப்பு என்று முடிவானால் வேலை போகும். நோய் என்று முடிவானால் பணிமனைக்குள் வேறு வேலை கொடுக்க வேண்டும். மகள் வெளியூரில் படிக்கிறாள். ஆனாலும் மாமாவைத் தின்றது வேலை மட்டும் இல்லை. இருபத்திரண்டு வருஷம் ஓட்டினவனைப் பொய்யன் என்கிறார்களே என்பதுதான்.

இதில் எனக்கு ஆத்திரம் வருகிற இடம் ஒன்று இருக்கிறது. எங்கள் டாக்டரம்மா இரண்டு வருஷமாக இந்த எரிச்சலைத்தான் ஆராய்ந்துகொண்டிருந்தார். டீ குடிக்கிற நேரத்தில் எங்களுக்கும் விளக்கியிருக்கிறார்.

"மிளகாய் நறுக்கின கையால கண்ணைக் கசக்கினா என்ன சொல்றீங்க?"

"எரியுதுன்னு."

"கொதிக்கிற தண்ணி பட்டா?"

"அதுவும் எரியுதுதான்."

"ஏன் ஒரே வார்த்தை? நரம்போட நுனியில ஏற்பின்னு ஒண்ணு இருக்கு. காரம் பட்டாலும், சூடு பட்டாலும், வயித்துல இருந்து அமிலம் மேல வந்து பட்டாலும் அந்த ஒரே ஏற்பி முழிச்சுக்கும். முழிச்சா மூளைக்கு ஒரே சேதி, எரியுது. நிறைய பேருக்கு இந்த நரம்பு நுனி உணவுக்குழாய்ச் சுவர்ல ஆழத்துல கிடக்கும். சில பேருக்கு மேல்தோல் கிட்டவே வந்து நிக்கும். அவங்களுக்கு ஒரு சொட்டு அமிலம் போதும். கேமரா சுவரைத்தான் பார்க்கும், நரம்பைப் பார்க்காது. புண் இருந்தும் வலி தெரியாதவங்க இருக்காங்க, வலி இருந்தும் புண் இல்லாதவங்க இருக்காங்க."

இதையெல்லாம் அக்கா தலையாட்டிக் கேட்டவர். இந்த ஆராய்ச்சிக்காக நூற்றுக்கணக்கான துணுக்குகளைத் தன் கையால் பதித்தவர். அப்படிப்பட்டவர் வீட்டில் போய்ப் புருஷனிடம் என்ன கேட்டார் தெரியுமா? "கேமராவே உள்ள போய்ப் பார்த்துட்டு வந்திருச்சு, உங்களுக்கு மட்டும் எங்கங்க எரியுது?" இதை அக்காவே ஒருநாள் என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

மாமா கடைசியில், அக்காவின் புருஷன் என்று சொல்லிக்கொள்ளாமல், டாக்டரம்மாவிடமே போய் நின்றார். இன்னொரு தடவை குழாய் விட்டு நான்கு துணுக்கு எடுத்தார்கள். முதல் தடவையே மூச்சுத் திணறிக் கட்டிலைப் பிறாண்டின மனுஷன். இந்தத் தடவை வெளியே வந்து, "செத்தாலும் இனிமே அந்தக் குழாயை விழுங்க மாட்டேன்" என்று சத்தியம் செய்தாராம். மூன்று துணுக்குகள் வழக்கமான சோதனைக்குப் போய் அங்கேயே தீர்ந்துபோயின. ஒன்றே ஒன்று, ஒரு கடுகளவு, நரம்பையும் ஏற்பியையும் பார்க்க எங்களிடம் வந்தது. எங்களுக்கு வருவது எண் மட்டும்தான். யாருடையது என்று தெரியாது, தெரியவும் கூடாது.

செவ்வாய்க்கிழமை மதியம் டாக்டரம்மா ஒரு சில்லைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் அறைக்குள் வந்தார். முகம் சரியில்லை.

"நாற்பத்தொண்ணாம் நம்பர் யார் பதிச்சது? படுக்க வச்சிருக்கு."

எனக்குப் புரியவே ஒரு நிமிஷம் ஆனது. துணுக்கை மெழுகில் வைக்கும்போது நிமிர்த்தி வைக்க வேண்டும், அப்போதுதான் சீவினால் மேல்தோலிலிருந்து அடிவரை ஒரே வெட்டில் தெரியும். படுக்க வைத்துவிட்டால் மேலே ஒரு அடுக்கைத்தான் சீவுகிறோம். நரம்பு எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? மடித்து அடுக்கின போர்வைகளை மேலே நின்று பார்த்தால் எத்தனை போர்வை என்று தெரியுமா? எங்கள் தொழிலில் இதைவிடச் சின்னத் தப்பும் இல்லை, பெரிய தப்பும் இல்லை.

"நான்தான் டாக்டர்" என்றார் அக்கா. நான் வாயைப் பிளந்தேன்.

"பரவாயில்லை, இன்னொரு துணுக்கு எடுத்துக்கலாம்னு சொல்லியிருப்பேன். ஆனா இந்த நோயாளி மறுபடி வர மாட்டார். வியாழக்கிழமை காலையில அவருக்கு ஒரு விசாரணை. அதுக்குள்ள நான் கையெழுத்துப் போடணும்."

அக்கா அந்தச் சில்லை வாங்கி எண்ணைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. பிறகு பக்கத்திலிருந்த ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார். துணுக்கு எடுத்த அன்று மாமாவிடம் கொடுத்து, வீட்டில் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்த சீட்டில் அந்த எண்தான் இருந்ததாம். தினமும் பால் எடுக்கும்போது கண்ணில் பட்டதுதான், எண் என்று ஒரு நாளும் படித்ததில்லை.

"டாக்டர், இது என் வீட்டுக்காரரோடது."

பிறகு அக்கா சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை. அந்தத் துணுக்கைப் பதித்த அன்று காலையில் வீட்டில் வாய்ச்சண்டை. அக்கா மெழுகு வேலையில் உட்கார்ந்திருந்தபோது பையில் போன் அதிர்ந்தது. மாமா. அக்கா கட் பண்ணினார். மறுபடி அதிர்ந்தது. நான்கு தடவை. குழாய் விட்ட தொண்டை எரிகிறது, மாத்திரை போடலாமா என்று கேட்கத்தான் கூப்பிட்டிருக்கிறார். நான்காவது தடவை கட் பண்ணின கையோடு, பல்லைக் கடித்துக்கொண்டு, இடுக்கியால் ஒரு துணுக்கை எடுத்து மெழுகில் வைத்தாராம். அது மாமாவின் உணவுக்குழாயிலிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியாது. பத்தொன்பது வருஷத்தில் ஒரு துணுக்கு படுத்தது, அதுவும் அந்தத் துணுக்கு!

டாக்டரம்மா மெழுகுக் கட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. மெழுகை உருக்கி, நிமிர்த்தி வச்சு, மறுபடி சீவலாம். ஆனா நீங்க தொடக் கூடாது. பொண்டாட்டி சீவினதுன்னு தெரிஞ்சா அந்தக் குழு அதைக் குப்பையிலதான் போடும்." என் பக்கம் திரும்பினார். "நீ பண்ணு."

எனக்குச் சீவத் தெரியும். தெரியும் என்றால், சைக்கிள் ஓட்டத் தெரிந்தவன் பஸ்ஸை ஓட்டுகிற மாதிரி. அக்கா லீவு போட்ட நாட்களில் பெரிய பெரிய துண்டுகளைச் சீவியிருக்கிறேன். இது கடுகில் பாதி. "வேற யாராவது..." என்று இழுத்தேன். வேறு யார் இருக்கிறார்கள்?

புதன்கிழமை காலை அக்காவை அறைக்குள்ளேயே விடவில்லை. வராந்தா பெஞ்சில் உட்கார வைத்தார்கள். கதவின் கண்ணாடியில் அவர் தோளும் காதும் தெரிந்தன. நான் உள்ளே போகுமுன் என் கையைப் பிடித்தார். கை சில்லென்று இருந்தது.

"நிமிர்த்தினதும் ஆறவிடு. அவசரப்படாதே. மேல இருக்கிற வெறும் மெழுகைச் சீவுறப்ப மட்டும் தடிமன், அப்புறம் மெலிசுக்குத் திருப்பிக்கோ."

"தெரியும்க்கா, பாப்பாவா நான்?" என்று எரிந்து விழுந்தேன். பயத்தில் எனக்கு அப்படித்தான் வரும்.

மெழுகை உருக்கினேன். துணுக்கு தண்ணீரில் கிடக்கிற ரவை மாதிரி புரண்டது. இடுக்கியால் பிடித்தேன், வழுக்கியது. மறுபடி பிடித்தேன். பூதக்கண்ணாடி வைத்து எது மேல்தோல், எது அடி என்று பார்க்கவே கால் மணி நேரம் ஆனது. நிமிர்த்தினேன். சாய்ந்தது. நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே குளிர்த்தட்டுக்கு நகர்த்தினேன். மெழுகு வெளுத்து இறுகுகிறவரை இடுக்கியை எடுக்கவில்லை, கழுத்து மரத்துப்போனது. இறுகினபோது துணுக்கு நேராக நின்றது. சத்தியமாகச் சொல்கிறேன், அக்கா வைத்த மாதிரியே நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

கட்டியை மெஷினில் பூட்டினேன். முதலில் மேலே இருக்கிற வெறும் மெழுகைத் தடிமனாகச் சீவித் தள்ள வேண்டும். துணுக்கு தெரிந்ததும் திருகைத் திருப்பி மெல்லிய அளவுக்கு மாற்ற வேண்டும். சக்கரத்தைச் சுற்றினேன். வெள்ளை மெழுகு சுருண்டு சுருண்டு விழுந்தது. நடுவில் மங்கலாக ஒரு புள்ளி. வந்துவிட்டது! அந்தச் சந்தோஷத்தில் கதவைப் பார்த்தேன். அக்கா எழுந்து நின்று கண்ணாடியில் நெற்றியை வைத்திருந்தார். நான் தலையாட்டினேன். தலையாட்டிக்கொண்டே சக்கரத்தைச் சுற்றினேன். ஒரு சுற்று, இரண்டு, மூன்று.

திருகைத் திருப்பவில்லை.

நிறுத்திப் பார்த்தபோது பிளேடின் மேல் தடிமனாக மூன்று சீவல் கிடந்தது. தூரிகையால் தொட்டேன், மாவாக உதிர்ந்தது. கட்டியைப் பார்த்தேன். துணுக்கு இருந்த இடத்தில் பள்ளம்தான் இருந்தது. இன்னும் சுற்றினால் ஏதாவது வருமா என்று மெல்லியதாக நாலு தடவை சுற்றினேன். வெறும் மெழுகு. நான் தலையில் அடித்துக்கொண்டு கத்தின கத்தலில் டாக்டரம்மா ஓடிவந்தார்.

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். மெஷினுக்குப் பக்கத்தில் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பிளேடைக் குனிந்து பார்த்தார். "திருகு?" என்றார். நான் தலையைக் குனிந்தேன். "என்னைப் பார்த்தல்ல, அதான்" என்றார். பிறகு, "முதல் தப்பு என்னுது. நான் ஒழுங்கா வச்சிருந்தா உன் கைக்கே வந்திருக்காது" என்றார். வெளியே போய்த் தண்ணீர்க் குழாயடியில் முகத்தைக் கழுவினார். ரொம்ப நேரம் கழுவினார்.

வியாழக்கிழமை ஆய்வகத்தின் கடிதத்தோடு டாக்டரம்மா என்னை அனுப்பினார். நீளமான மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று டாக்டர்கள், ஓரத்தில் பஸ் கம்பெனி மேலாளர், இந்தப் பக்கம் மாமா. வெளுத்த சட்டை, கழுத்துவரை பொத்தான், கை இரண்டும் தொடை மேல். அக்கா அவருக்குப் பின்னால் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் வீட்டில் எல்லாவற்றையும் மாமாவிடம் சொல்லிவிட்டதாக வழியில் சொன்னார். "என்ன சொன்னார்?" என்று கேட்டேன். "சரின்னார்" என்றார்.

குழுவின் தலைவர் கடிதத்தைப் படித்தார். "மாதிரி போதவில்லை, கருத்துச் சொல்ல இயலவில்லைன்னு இருக்கு. ஆக, ஒண்ணும் கிடைக்கலை."

மேலாளர் முந்திக்கொண்டார். "அதைத்தானே ஐயா நாங்க ஆரம்பத்துல இருந்து சொல்றோம். ஒண்ணும் இல்லை."

"ஒண்ணும் இல்லைன்னு அதுல எழுதலை." அக்கா எழுந்து நின்றிருந்தார்.

"நீங்க?"

"இவரோட மனைவி. அந்த ஆய்வகத்துல மெழுகு வேலை பார்க்கிறவ."

"அப்ப நீங்க இவருக்குச் சாதகமாத்தானே பேசுவீங்க."

"நான் இவருக்குச் சாதகமா என்னைக்கும் பேசினதில்லைங்க. இவரையே கேளுங்க." யாரும் சிரிக்கவில்லை. அக்காவும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. "கேமரா பார்த்தது சுவரை. இவருக்கு எரியறது சுவருக்குள்ள இருக்கிற நரம்புல. அந்த நரம்பு எங்க இருக்குன்னு பார்க்க ஒரே ஒரு துணுக்கு இருந்துச்சு. அதைப் படுக்க வச்சுக் கெடுத்தது நான். பத்தொன்பது வருஷத்துல முதல் தடவை. என் மேல நடவடிக்கை எடுக்கணும்னா எடுத்துக்கலாம், எழுதியே கொடுத்துட்டேன். ஆனா இல்லைன்னு எழுதாதீங்க. பார்க்க முடியலைன்னு எழுதுங்க. ரெண்டும் ஒண்ணில்லை."

நான் எழுந்தேன். "கடைசியில மொத்தமா அழிச்சது நான்தாங்க" என்று உளறினேன். உட்காரச் சொன்னார்கள்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கேட்ட குரலில் கிண்டல் இல்லை. "அம்மா, கூடவே இருக்கிறவங்க நீங்க. இந்த வேலை தெரிஞ்சவங்க. இவர் சொல்றதை நீங்க நம்புறீங்களா?"

அக்கா உடனே ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சூடம் அடித்துச் சொல்லியிருப்பேன். அக்கா மாமாவின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப நம்புறேன். எந்தச் சில்லும் பார்த்து இல்லை, காட்டுறதுக்கு ஒண்ணுமே இல்லாமத்தான் நம்புறேன். எட்டு மாசம் நம்பலைங்க. பணிமனையில இவரை ஏப்பம்னு கூப்பிட்டாங்க. வீட்டுல நான் அதைவிட மோசமாப் பேசினேன். எரியுதுன்னு நாலு தடவை போன் பண்ணினார், நாலு தடவையும் கட் பண்ணினேன். இவர் ஒரு நாளும் பொய் சொன்ன ஆளில்லை. அது எனக்குக் கல்யாணம் ஆன வருஷத்துல இருந்து தெரியும். தெரிஞ்சும் நம்பலை."

மாமா திரும்பிப் பார்க்கவில்லை. தொடை மேல் இருந்த கை இரண்டும் மூடிக்கொண்டன.

எங்களை வெளியே அனுப்பிவிட்டு அரை மணி நேரம் பேசினார்கள். கூப்பிட்டு முடிவைச் சொன்னார்கள். நடிப்பு என்று சொல்ல ஆதாரம் இல்லை. நோய் என்று சொல்லவும் இல்லை. ஆறு வாரத்துக்குள் புதிதாகத் துணுக்கு எடுத்து, வேறொரு ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். அதுவரை பஸ் ஓட்டக் கூடாது, பணிமனையில் நேரக் குறிப்பு எழுதுகிற வேலை. மேலாளர் முணுமுணுத்தார். தலைவர் கண்டுகொள்ளவில்லை.

"மறுபடி குழாய் விழுங்கணும். சம்மதமா?" என்று மாமாவைக் கேட்டார்.

செத்தாலும் மாட்டேன் என்று சத்தியம் செய்த மனுஷன். மாட்டேன் என்றால் எல்லாம் அங்கேயே முடிந்தது. மாமா எச்சில் விழுங்கினார். தொண்டை ஏறி இறங்கினது எனக்குத் தெரிந்தது.

"விழுங்குறேன்" என்றார்.

வெளியே வராந்தாவில் அக்கா சுவரோரமாக நின்றார். பேசத் தைரியம் இல்லாதவர் மாதிரி முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். மாமா காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தபடி பக்கத்தில் வந்தார். நான் நகர்ந்து போயிருக்க வேண்டும், போகவில்லை.

"எட்டு மாசம்னு சொன்னியே உள்ள" என்றார் மாமா.

அக்கா தலையை நிமிர்த்தவில்லை.

"பதினொரு மாசம்."

குரலில் கோபமே இல்லை. டிக்கெட்டில் தப்பாக விழுந்த தேதியைத் திருத்திச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, படியிறங்கிப் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார். அக்கா அங்கேயே நின்று விரல் விட்டு எண்ணினார். பதினொன்றுதான் வந்தது.